புடவைக்கு வரலாறு உண்டாம், நெய்தவருக்கு வேண்டாமாம்

ஆரணிப் பட்டைப் பற்றி யார் பேசினாலும் பேச்சு ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது: நெசவைக் காப்பாற்ற வேண்டும். பழைய கரைகளையும் பூக்களையும் வரைந்து வைக்க வேண்டும், கோர்வை போடும் நுட்பத்தைப் படமெடுத்து வைக்க வேண்டும், புவிசார் குறியீட்டை ஒழுங்காகப் பயன்படுத்த வேண்டும், ஆகஸ்ட் 7 வந்தால் கைத்தறி நாள் கொண்டாட வேண்டும். நெய்தவர் எந்த வயதில் தறிக்குழியில் இறங்கினார், யாரிடம் முன்பணம் வாங்கினார், தன் பிள்ளையை ஏன் அந்தக் குழியில் இறக்காமல் விட்டார் என்பதெல்லாம் அவரவர் சொந்த விஷயம். கலை ஊருக்குச் சொந்தம், வாழ்க்கை வீட்டோடு போகட்டும். அதிகாரிகள், புடவைப் பிரியர்கள், படித்தவர்கள் எல்லாரும் ஒத்துக்கொண்ட நிலை இது. நெசவாளர்களிலேயே பலர் ஒத்துக்கொண்டுவிட்டார்கள் என்பதுதான் விசேஷம்.

இந்தக் கருத்தை அதன் வலுவான வடிவத்திலேயே வைத்துப் பார்ப்போம். வாழ்க்கை வரலாறு என்பது எதையாவது மாற்றியவர்களுக்கு உரியது. உ.வே.சா. தன் கதையைச் சொன்னால் பழைய இலக்கியங்கள் அச்சேறிய கதையும் கூடவே வருகிறது. திரு.வி.க. எழுதினால் தொழிற்சங்க இயக்கம் வருகிறது. முப்பது வருடம் தறியில் உட்கார்ந்தவரிடம் பக்கத்து வீட்டுக்காரரிடம் கிடைப்பதேதான் கிடைக்கும். அவர்களைப் பற்றித் தெரிய வேண்டியது கணக்கெடுப்பில் இருக்கிறது, இன்னும் ஆழமாகத் தெரிய ஆய்வு நூல்கள் இருக்கின்றன, மனதில் தைக்க நாவலும் சினிமாவும் இருக்கின்றன. வயதானவர்களின் ஞாபகத்தை நம்பி வரலாறு எழுத முடியாது. அடுத்த வீட்டுக் கஷ்டத்தைக் கிளறி வெளியே காட்டுவது மரியாதையும் ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கூலி உயராத வீட்டில் ஒலிப்பதிவுக் கருவியோடு போய் உட்காருவது வெட்கக்கேடு.

கடைசி வாக்கியம் தைக்கிறது. மற்றவை தைக்கவில்லை. ஒவ்வொன்றாக வருகிறேன்.

1. சேலையே சாட்சி என்கிறீர்களே, அந்தச் சேலை எதைச் சொல்கிறது?

ஆரணியிலும் சுற்றுவட்டாரத்திலும் நெய்த சேலை காஞ்சிபுரம் பட்டு என்ற பெயரில் கடையேறுவது ஊரறிந்த சங்கதி. புவிசார் குறியீடு வந்த பிறகும் இது நின்றுவிடவில்லை. ஊர்ப் பெயரையே தக்கவைத்துக்கொள்ளாத துணி நெய்தவர் பெயரைச் சுமந்து செல்லும் என்று எதை வைத்து நம்புவது?

ஆளை விட்டுவிட்டுத் துணியை மட்டும் காத்து வைக்கும் வேலை புதியதும் அல்ல. 1866இல் பிரிட்டிஷ் அதிகாரி ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் இந்தியத் துணி மாதிரிகள் 700ஐ 18 தொகுதிகளில் ஒட்டி, அப்படி 20 பிரதிகள் செய்தார். பதின்மூன்று பிரிட்டனுக்கு, ஏழு இந்தியாவுக்கு. எந்த ஊர்த் துணி, என்ன நீளம், என்ன எடை, என்ன விலை என்ற குறிப்புகள் உண்டு. நெய்தவர் யார் என்பது இல்லை. பிரிட்டிஷ் ஆலைக்காரர்கள் பார்த்து இந்தியச் சந்தைக்கு ஏற்ற துணியைத் தயாரிக்க வேண்டும் என்பதே அந்தத் தொகுதிகளின் நோக்கம். அதற்கு நெய்தவர் பெயர் எதற்கு? ஆளில்லாத ஆவணம் முதலில் யாருக்குப் பயன்படும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. இன்றைய நிலையும் அதுதான். 1985ஆம் ஆண்டுச் சட்டம் 22 ரகங்களைக் கைத்தறிக்கு ஒதுக்கியது. 1996இல் அந்தப் பட்டியல் 11 ஆகச் சுருங்கியது. சுருங்கிய பட்டியலில் பட்டுச் சேலை இன்னும் இருக்கிறது. ஆனால் வடிவம் கையில் கிடைத்துவிட்டால் விசைத்தறி அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டா ஓடுகிறது?

சரி, கலையை மட்டும் பதிவு செய்வோம் என்றே வைத்துக்கொள்வோம். கோர்வையிலிருந்து தொடங்குங்கள். உடல் ஒரு நிறம், இரண்டு கரையும் வேறு நிறம், மூன்று நாடா. ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க இன்னொரு ஆள் கூட உட்கார வேண்டும். பல பத்தாண்டுகளாக அந்த இன்னொரு ஆள் பெரும்பாலும் ஒரு சிறு பிள்ளை. காஞ்சிபுரம் வட்டாரப் பட்டுத் தறிகளில் குழந்தைகள் வேலை செய்தது மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளில் பதிவாகியிருக்கிறது. நீங்கள் போற்றும் நுட்பத்தின் பாதி அந்தப் பிள்ளையின் கை. கோர்வையைப் படம்பிடித்துவிட்டு, கூட உட்கார்ந்தவர் யார், ஏன் உட்கார்ந்தார், எந்த வகுப்போடு பள்ளியை விட்டார் என்று கேட்காமல் வந்தால், நீங்கள் கலையைக்கூட முழுதாகப் பதிவு செய்யவில்லை. வாழ்க்கையைக் கழித்துவிட்டு மிஞ்சுவது கலை என்று நினைப்பது தறியைப் பக்கத்தில் போய்ப் பார்க்காதவர்களின் வசதி.

2. எதையாவது மாற்றியவருக்குத்தான் வரலாறு என்றால், ஆரணியை மாற்றியது யார்?

புத்தக வரலாற்றில் ஆரணிக்கு இரண்டு நாள் உண்டு. 1751இல் கிளைவ் இங்கே ஒரு சண்டையில் வென்றார். 1782இல் ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட்டும் ஹைதர் அலியும் மோதினார்கள். வந்தார்கள், சுட்டார்கள், போனார்கள். கமண்டல நாகநதிக் கரையில் இருந்த ஓர் ஊர், மஸ்லினுக்குப் பேர் வாங்கி, அதை விட்டுப் பட்டுக்கு மாறி, அரிசி ஆலைகளையும் சேர்த்துக்கொண்டு இன்றைய நகரமாக ஆனதற்கு கிளைவும் கூட்டும் என்ன செய்தார்கள்? அந்த மாற்றத்தை ஒரு தலைவரும் செய்யவில்லை. பஞ்சு நூலை விட்டுப் பட்டு நூலுக்குப் போகலாமா என்று ஆயிரக்கணக்கான வீடுகளில் நடந்த யோசனை செய்தது. பெரியவர்கள் மட்டுமே வரலாற்றை நகர்த்துகிறார்கள் என்ற அளவுகோலை வைத்தாலும், ஆரணியில் அந்தப் பெரியவர்கள் தெருவில்தான் இருக்கிறார்கள்.

எல்லார் கதையும் ஒன்று என்பது தெருவின் வாசலில் நின்று சொல்வது. ஒரே தெருவில் நூல் கொடுத்து நெய்ய வைக்கும் முதலாளி இருப்பார். அவர் நூலைத் தன் வீட்டுத் தறியில் நெய்பவர் இருப்பார். தறியே இல்லாமல் அடுத்தவர் தறியில் கூலிக்கு உட்காருபவர் இருப்பார். கூட்டுறவுச் சங்கத்து உறுப்பினர், சாயம் போடுபவர், பாவு ஓட்டுபவர், பாவு பிணைப்பவர், ஜக்கார்டு அட்டை அடிப்பவர், தார் சுற்றும் பெண்கள் என்று வரிசை நீளும். சௌராஷ்டிரர் வீட்டில் ஒரு மொழி, செங்குந்தர் வீட்டில் இன்னொன்று. இவர்கள் போக, பசுமைப் புரட்சிக்குப் பிறகு சுற்றுக் கிராமங்களில் ஏர் பிடித்த குடும்பங்களே தறி போட்டன. நெசவே தெரியாத வீட்டுக்கு நெசவை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? சாதித் தொழில் என்று பூட்டி வைத்திருந்தது எந்த வீட்டில், எந்தக் கடனில், யாருடைய நட்பில் திறந்தது? தமிழ்நாட்டுச் சமூக வரலாற்றின் பெரிய கேள்விகளில் ஒன்று இது. பதில் தெரிந்தவர்களுக்கு இன்று அறுபது, எழுபது வயது.

3. கணக்கும் ஆய்வும் இருக்கின்றனவே என்கிறீர்கள். இருக்கின்றன. படித்துத்தான் பேசுகிறேன்.

2009-10 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 43.31 லட்சம் பேர். 2019-20இல் 35.22 லட்சம். எட்டு லட்சம் பேர் குறைந்திருக்கிறார்கள். எங்கே போனார்கள்? செய்யாறு சிப்காட்டில் காலணி ஆலைக்கா, பெங்களூருக்கா, வீட்டுத் திண்ணைக்கா? தறியை விற்றார்களா, பிரித்துப் பரணில் போட்டார்களா? விற்க முடிவெடுத்தது யார், கணவரா மனைவியா? எண்ணுக்கு இது தெரியாது, தெரிய வேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை. அதே 2019-20 கணக்கில் கைத்தறித் தொழிலாளர்களில் நூற்றுக்கு 72 பேர் பெண்கள். ஆனால் நெசவாளர் என்றதும் நம் மனதில் எழுவது மேல்சட்டை இல்லாத ஓர் ஆண். கணக்கு உண்மையைச் சொல்லியும் நம் பார்வை மாறவில்லை என்றால், குறை எங்கே இருக்கிறது என்று யோசிக்க வேண்டும்.

ஆய்வு விஷயத்தில் ஆரணிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. உள்ளூரில் பலருக்கு அது தெரியாது. இந்தியாவில் நீண்ட காலம் தொடர்ந்து ஆராயப்பட்ட சிறு நகரங்களில் ஒன்று ஆரணி. பொருளியலாளர் பார்பரா ஹாரிஸ்-வைட் 1973இல் இந்தப் பகுதிக்கு வந்தார். திரும்பத் திரும்ப வந்தார். அவரும் உடன் ஆய்வாளர்களும் இங்குள்ள வியாபாரம், பட்டு, அரிசி, சாதி, சங்கங்கள், கழிவு என ஒன்று விடாமல் எழுதினார்கள். 2016இல் வந்த தொகுப்பு நாற்பதாண்டு மாற்றத்தைப் பேசுகிறது. அந்த உழைப்பு இல்லையென்றால் இந்தியச் சிறு நகரப் பொருளாதாரம் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி தெரிந்திருக்காது. அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் அந்த நூல்களில் ஆரணிக்காரர் ஒருவர் தன் கதையைத் தானே தொடக்கம் முதல் முடிவு வரை சொல்லும் இடம் கிடையாது. அது ஆய்வாளரின் குற்றமல்ல. பெயரை மறைப்பது ஆய்வின் ஒழுக்கம். பலரைச் சேர்த்து ஒரு போக்கைக் காட்டுவது அதன் வேலை. பதில் சொன்னவர் அட்டவணையில் ஒரு கட்டத்துக்குள் போவார், போகத்தான் வேண்டும். நூல் ஆங்கிலத்தில் வரும். அதன் விலைக்கு இங்கே சில நாள் கூலி போகும். ஆகவே ‘ஆய்வு இருக்கிறது’ என்பது எனக்கு எதிரான வாதமே ஆகாது. இத்தனை வருடம் உலகம் வந்து கேட்டுக்கொண்டு போன ஊரில், ஊர் தனக்காக ஒன்றையும் கேட்டு வைக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று.

‘நாங்க என்னத்தச் சொல்றது, எல்லா வீட்லயும் இருக்கறதுதான்’ என்று அவர்களே சொல்கிறார்களே என்பீர்கள். இதுவரை யாரும் உட்கார்ந்து கேட்காததால் வந்த அடக்கம் அது. புதுச்சேரிப் பக்கத்துக் கிராமத்தில் பண்ணைக் கூலியாக, பிரசவம் பார்ப்பவராக, பாட்டுக்காரியாக வாழ்ந்த வீரம்மா, ஆய்வாளர் ஜோசியான் ராசினிடம் ஆண்டுக்கணக்காகத் தன் வாழ்க்கையைச் சொன்னார். 1995இல் அது நூலானது. பேசியது முழுக்கத் தமிழ், முதலில் அச்சேறியது பிரெஞ்சில், அடுத்து ஆங்கிலத்தில். சொல்லத் தெரியாதவரா அவர்? கேட்கத் தெரியாத தமிழ்ப் பதிப்புலகம் பாரிஸுக்குப் பின்னால் வரிசையில் நின்றது.

4. நாவல் இருக்கிறது, சினிமா இருக்கிறது: இந்த வாதத்துக்கு ஒரு பத்தி போதும்.

ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ இருக்கிறது, எம்.வி. வெங்கட்ராமின் ‘வேள்வித் தீ’ இருக்கிறது. இரண்டும் பெரிய நூல்கள். இரண்டும் அவரவர் கற்பனையின் தேர்வுகள், ஆரணியும் அல்ல. சினிமா என்றால் பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’. அந்தப் படம் ஒரு கதையைச் சொன்னது. அந்த ஒரு கதை எல்லா நெசவாளர்களின் கதையாகிவிட்டது. அன்றிலிருந்து எந்தப் பத்திரிகைக் கட்டுரையைப் பிரித்தாலும் பட்டு நெய்பவருக்குப் பட்டு இல்லை என்று ஒரு பெருமூச்சு. பட்டு உடுத்திய நெசவாளர் வீட்டுக் கல்யாணங்கள் இருந்திருக்கின்றன. முதலாளியை ஏமாற்றிச் சிரித்த கதைகளும், தறி போட்டு வீடு கட்டிய கதைகளும் இருந்திருக்கின்றன. பெருமூச்சு விட்டே பழகியவர்களுக்கு அவை கேட்காது.

5. ஞாபகம் பொய் சொல்லும் என்கிறீர்கள். எது பொய் சொல்லாது?

எம்.ஜி.ஆர். இறந்த வருடம் ஜக்கார்டு போட்டோம் என்பார் ஒருவர். அவர் மனைவி இல்லை, இந்திரா காந்தியைச் சுட்ட வருடம் என்பார். இதை வைத்து எப்படி வரலாறு எழுதுவது? எழுதலாம், எழுதியிருக்கிறார்கள். இத்தாலியின் தெர்னி நகரில் லூயிஜி த்ராஸ்துல்லி என்ற இளம் எஃகாலைத் தொழிலாளி 1949இல் ஓர் ஆர்ப்பாட்டத்தின்போது போலீசால் கொல்லப்பட்டார். வாய்மொழி வரலாற்றாசிரியர் அலெஸ்ஸாந்த்ரோ போர்த்தெல்லி போய்க் கேட்டபோது, தொழிலாளர்கள் பலர் அந்தச் சாவை 1953க்குத் தள்ளி வைத்துச் சொன்னார்கள். பெருமளவில் ஆட்குறைப்பு நடந்து தெருவில் இறங்கிப் போராடிய ஆண்டு அது. போர்த்தெல்லி அதைப் பிழை என்று ஒதுக்கவில்லை. தோழன் செத்தபோது திருப்பி அடிக்க முடியாமல் போன அவமானத்தை, போராடிய ஆண்டோடு சேர்த்து ஆற்றிக்கொண்டார்கள் என்று படித்தார். தேதி போலீஸ் ஆவணத்தில் இருக்கிறது. அவமானம் எந்த ஆவணத்தில் இருக்கும்?

எழுத்து ஆவணத்தின் நேர்மையைப் பற்றியும் கொஞ்சம் பேசலாம். நெசவாளர் முன்பணத்தின் கணக்கு முதலாளியின் நோட்டில் இருக்கும். எழுதியவர் முதலாளி, கூட்டியவர் முதலாளி, கழித்தவரும் அவரே. கூட்டுறவு என்றால், பெயரளவில் மட்டும் நடந்த சங்கங்களைப் பற்றிய புகார்கள் தமிழ்நாட்டில் பல பத்தாண்டுகளாக உண்டு. அந்தப் பதிவேடுகளை வரலாற்றுச் சான்று என்று கையில் எடுப்பவர், பாட்டியின் ஞாபகத்தை மட்டும் தராசில் வைப்பது வேடிக்கை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பவரே வரலாற்றாசிரியர். இப்போது ஒன்றுதான் இருக்கிறது. இன்னொன்று மயானத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

6. மானம் போகும் என்ற வாதத்தில் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதியை எடுத்துக்கொள்கிறேன்.

இன்னும் கடன் தீராத ஒருவர் தன் முதலாளியைப் பற்றிப் பேசி, அது மறுநாள் ஊர் முழுக்கக் கைப்பேசியில் சுற்றினால், அடுத்த வாரம் அவருக்குப் பாவு வராது. சாதி மாறிக் கல்யாணம் செய்த மகளைப் பற்றி ஒரு தாய் பேசினால் அது மகளின் வீட்டிலும் வெடிக்கும். உண்மைதான். ஆனால் இதிலிருந்து பதிவே செய்யக் கூடாது என்ற முடிவுக்கு எப்படிப் போகிறீர்கள்? பத்திரப்படுத்துவது ஒரு வேலை, பரப்புவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒன்றாக்கியது யூடியூப் பழக்கம். சொன்னவர் இருபது வருடம் திறக்கக் கூடாது என்றால் திறக்கக் கூடாது. பெயரை மாற்று என்றால் மாற்ற வேண்டும். கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் கையில் தர வேண்டும். இத்தாலியில் பியெவே சாந்தோ ஸ்தெஃபானோ என்ற சின்ன ஊர் 1984 முதல் சாதாரண மக்களின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் வாங்கிச் சேர்த்து வைக்கிறது. மக்கள் தாங்களாகவே அனுப்புகிறார்கள். தன் கதை மதிப்போடு வைக்கப்படும் என்று தெரிந்தால் மறைப்பவர்கள் குறைவு. இங்கே அவர்கள் பயப்படுவது கதையைக் கேட்டல்ல, கேட்க வருபவரைப் பார்த்து. கேமராவோடு வந்து, வறுமையை நல்ல வெளிச்சத்தில் எடுத்துக்கொண்டு, திரும்பி வராதவர்களைப் பார்த்துப் பார்த்து வந்த பயம். நியாயமான பயம்.

7. வயிற்றுக்கு வழி சொல்லாமல் கதை கேட்கிறாயா?

இதுதான் கனமான கேள்வி. கூலி, மூலப்பொருள் விலை, விசைத்தறிப் போட்டி, ஓய்வூதியம்: இவற்றுக்கு முன் ஒலிப்பதிவு என்ன பெரிய விஷயம்? இதைக் கேட்பவர் நெசவாளர் என்றால் நான் வாயடைத்து நிற்பேன். ஆனால் பெரும்பாலும் கேட்பது நெசவாளர் அல்ல. கூலியையும் உயர்த்தாமல் கதையையும் கேட்காமல் இருப்பவர்கள். கூலி உயர்வும் ஒலிப்பதிவும் ஒரே பையிலிருந்து போகும் செலவுகள் போலவும், ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்று குறையும் போலவும் பேசுகிறார்கள்.

நடப்பது நேர்மாறானது. நெசவாளர் பற்றிய ஒவ்வொரு சட்டமும் யாரோ சொன்ன ஒரு கதையின் மேல்தான் நிற்கிறது. சொன்னவர் நெசவாளர் அல்ல என்பதுதான் சிக்கல். 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று ஒரு வாசலை விட்டுவைத்தார்கள். குடும்பத்துக்குக் கூடமாட உதவுவது, தொழில் கற்றுக்கொள்வது: கேட்க அழகாக இருக்கிறது. கோர்வைத் தறியில் நாடா தள்ளிய பிள்ளைகள் இன்று நாற்பது, ஐம்பது வயதில் இதே ஊரில் இருக்கிறார்கள். அந்த உதவி எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது, வீட்டுப் பாடம் எப்போது நடந்தது, அடி யார் கையில் விழுந்தது என்று அவர்களால் சொல்ல முடியும். சிலர் அதை நன்றியோடும் சொல்லக்கூடும். அதையும் கேட்க வேண்டும். கேட்காமலே சட்டம் வந்தது.

இன்னொன்று. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், 1976. அதன் 15ஆவது பிரிவின்படி, ஒரு கடனைக் கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், அது அப்படியல்ல என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர். இந்தியச் சட்டங்களில் ஏழையின் வாய்ச்சொல்லுக்கு இவ்வளவு எடை கொடுத்த இடங்கள் குறைவு. ஆரணியில் முன்பணம் வாங்கிய எல்லாரும் கொத்தடிமைகள் என்று நான் சொல்லவில்லை. எந்த முன்பணம் உதவியாக இருந்தது, எது கட்டிப்போட்டது, வேறு முதலாளியிடம் போக நினைத்தபோது என்ன நடந்தது என்பது தலைமுறை தலைமுறையாக வாய்வழியே மட்டும் கிடக்கிறது. சட்டம் சொல்லச் சொல்கிறது; சொன்னதைக் கேட்டு எழுதி வைக்க ஊரில் ஓர் இடம் இல்லை. கதை கேட்பது வயிற்றோடு சம்பந்தமில்லாத சொகுசு என்பவர் இதற்கு என்ன சொல்வார்?

ஆகவே வேலையைத் தொடங்குவதென்றால் எதில் தொடங்குவது என்பதும் தெளிவு. அகில இந்தியக் கைத்தறி வாரியத்தையே 2020இல் கலைத்துவிட்ட டெல்லியிடம் மனு கொடுப்பதில் அல்ல. ஊர்க் கிளை நூலகத்தில் ஓர் அலமாரி, பூட்டக்கூடியது. கல்லூரிப் பிள்ளைகளின் கைப்பேசி. சௌராஷ்டிர மொழி தெரிந்த ஒருவர். முதலில் தெருவில் பாவு நீட்டிய காலத்து முதியவர்கள், அடுத்து தார் சுற்றிய பெண்கள், அதற்கடுத்துத் தறியை விட்டு ஆலைப் பேருந்து ஏறியவர்கள். மூன்றாவது கூட்டத்தை யாரும் நெசவாளர் என்று எண்ணுவதில்லை. அதனாலேயே அவர்களை விடக் கூடாது. முதலாளிகளையும் கேட்க வேண்டும். நோட்டுக்கு அந்தப் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. இங்கே கூலி சேலைக் கணக்கில். தறி நின்ற நேரத்துக்குக் காசு இல்லை. அரை நாள் பேச உட்கார்ந்தவருக்கு அரை நாள் கூலியை, பேச்சு தொடங்கும் முன்பே கையில் கொடுத்துவிட வேண்டும்.